மதிய உணவுக்குப் பிறகு நடக்கும் பயிற்சி

ஆசிரியருக்கு ஆசிரியரே துணை. அந்தத் துணை கிடைக்கிற இடம் பயிற்சி வகுப்பு. அதற்கு அங்கே நேரம் ஒதுக்கியிருக்கிறோமா?

ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். தமிழகக் கிராமங்களில் ஏராளமான ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளின் நிலை இதுதான். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஒருவருக்கு முப்பது பேர், நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்த அறுபது பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பரவிக் கிடக்கிறார்கள். இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவு, காலை உணவு, சத்துணவு, விலையில்லாப் பொருட்கள், பள்ளி மேலாண்மைக் குழு என்று அவருடைய பாதி நாள் ஓடிவிடும். ஒருவர் விடுப்பு எடுத்துவிட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சமாளிக்க வேண்டும்.

இந்த இருவரும் நாள் முழுக்கப் பேசிக்கொள்ளத்தான் செய்கிறார்கள். முட்டை வந்ததா, எமிஸில் ஏற்றியாயிற்றா, நாளைக்கு யார் வங்கிக்குப் போவது, இவைதான் பேச்சு. 'நேற்று நான் நடத்திய கழித்தல் பாடம் ஏன் பிள்ளைகளுக்கு ஏறவில்லை?' என்று கேட்பதற்கு நேரமும் இல்லை, ஆளும் இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளி இரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும். ஆனால் அங்கே இருக்கும் ஆசிரியை எப்படிப் பாடம் நடத்துகிறார் என்பதை இருபது வருடப் பணிக்காலத்தில் ஒரு முறைகூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றவர்கள் உண்டு.

இது நம் ஊரின் குறை மட்டும் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் ஆசிரியப் பணியைப் பற்றி எழுதிய 'ஸ்கூல்டீச்சர்' என்ற நூலில் இதைத்தான் விரிவாகப் பேசினார். ஆசிரியர்கள் தனித்தனி அறைகளில் வேலை செய்கிறார்கள், ஒருவர் வேலையை மற்றவர் பார்ப்பதில்லை, அதனால் அந்தத் தொழிலின் அனுபவ அறிவு அடுத்தவருக்குப் போய்ச் சேராமல் அவரவரோடு தங்கிவிடுகிறது என்றார். மருத்துவர் தன் நோயாளியைப் பற்றி இன்னொரு மருத்துவரிடம் கலந்து பேசலாம். வழக்கறிஞருக்கு நீதிமன்ற வளாகம் முழுக்கச் சக வழக்கறிஞர்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு யார் இருக்கிறார்கள்?

பயிற்சி வகுப்பில் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்

வட்டார அளவில் நடக்கும் பயிற்சி ஒன்றை நினைத்துப் பாருங்கள். இடம், ஏதோ ஒரு நடுநிலைப் பள்ளியின் பெரிய வகுப்பறை. பெஞ்சுகள் பிள்ளைகளுக்கானவை, பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். காலையில் வருகைப் பதிவு, செல்போனில் கூகுள் படிவம், முன்தேர்வு. பயிற்சி நடத்தும் கருத்தாளர் திரையில் ஒவ்வொரு பக்கமாகக் காட்டி விளக்குகிறார். பின்வரிசையில் ஒருவர் எமிஸ் வேலையை முடித்துக்கொண்டிருக்கிறார். பதினொன்றரைக்குத் தேநீர். ஒரு மணிக்கு உணவு.

டிபன் டப்பாக்கள் திறந்ததும் அறையின் சத்தமே மாறிவிடுகிறது. புளியோதரை ஒருவரிடமிருந்து, வாழைக்காய் வறுவல் இன்னொருவரிடமிருந்து என்று கை மாறுகிறது. இட மாறுதல் கலந்தாய்வு, பிள்ளைகளின் படிப்பு, சம்பளப் பட்டியல் என்று பேச்சு அலைகிறது. பிறகு யாரோ ஒருவர், "டீச்சர், உங்க பிள்ளைங்களும் இப்படித்தான் போடுறாங்களா?" என்று நோட்டை நீட்டுகிறார்.

நோட்டில் இருக்கும் கணக்கு, 52-லிருந்து 27-ஐக் கழிப்பது. பிள்ளை எழுதியிருக்கும் விடை 35.

தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்த யாரும் இந்த விடையைப் பார்த்ததும் தலையாட்டுவார்கள். பிள்ளை கவனக்குறைவாகப் போட்ட கணக்கு இல்லை இது. ஒன்றின் இடத்தில் மேலே 2, கீழே 7. இரண்டிலிருந்து ஏழு போகாது. அதனால் பிள்ளை ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 எழுதுகிறது. பத்தின் இடத்தில் ஐந்திலிருந்து இரண்டு போக 3. ஆக 35. எப்போதும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைத்தான் கழிக்க வேண்டும் என்று ஒன்றாம் வகுப்பில் நாம் சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. தவறுக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

"பத்து ரூபாய்த் தாள் அஞ்சு, ஒரு ரூபாய் ரெண்டு கொடுத்துட்டு, இருபத்தேழு ரூபாய் கொடுன்னு கேட்டுப் பாருங்க" என்கிறார் எதிரில் இருப்பவர். பிள்ளை இரண்டு பத்து ரூபாயைக் கொடுக்கும். இரண்டு ஒரு ரூபாயையும் கொடுக்கும். இன்னும் ஐந்து வேண்டும். அப்போது அதுவே, 'டீச்சர், பத்துக்குச் சில்லறை இருக்கா?' என்று கேட்கும். அந்தக் கேள்வியை நாம் சொல்லிக்கொடுக்கக் கூடாது, பிள்ளை வாயிலிருந்து வர வேண்டும் என்கிறார் அவர்.

மலைக்கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்த ஆசிரியைக்கு இதில் ஒரு சிக்கல். தன் வகுப்புப் பிள்ளைகள் கையில் காசு புழங்குவதில்லை. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்திருக்கிறேன், கட்டைப் பிரித்தால்தான் கழிக்க முடியும் என்பதைக் கையால் செய்தால் புரிகிறது என்கிறார். மூன்றாவது ஒருவர் இருவரையும் மறுக்கிறார். காசிலும் குச்சியிலும் சரியாகச் செய்யும் பிள்ளை நோட்டுக்குப் போனதும் மறுபடி 35 எழுதுகிறதே, அதற்கு என்ன வழி? அவருடைய வழி, ஒவ்வொரு குச்சிக்கட்டைப் பிரிக்கும்போதும் பக்கத்திலேயே எண்ணில் எழுதவைப்பது. செய்வது முதலில், எழுதுவது பிறகு என்று பிரிக்காமல் இரண்டையும் சேர்த்தே நடத்துவது.

இருபது நிமிடத்துக்குள் நடந்துவிடும் இந்தப் பேச்சு எந்தக் கால அட்டவணையிலும் இல்லை. ஆனால் பயிற்சி முடிந்து ஊர் திரும்பும் ஆசிரியை மறுநாள் வகுப்பில் செய்து பார்க்கப்போவது இதைத்தான். இன்னொன்றும் அவரோடு போகிறது. இத்தனை நாளாக, 'எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லையோ' என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தவருக்கு, எல்லாப் பள்ளியிலும் பிள்ளைகள் 35 எழுதுகிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. இந்தத் தெம்பைத் திரையில் ஓடும் எந்தப் பக்கமும் தராது.

பெருந்தொற்றுக்குப் பிறகு

2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழகத்தில் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. ஒன்றாம் வகுப்பைப் பார்க்காமலே மூன்றாம் வகுப்புக்கு வந்து நின்ற பிள்ளைகளை என்ன செய்வது என்று எந்த ஆசிரியருக்கும் முன்னனுபவம் இல்லை. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புப் பிள்ளைகளை அவர்களின் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்தும் முறை. அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் அது வந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் வட்டாரப் பயிற்சி.

ஐம்பது வயதைத் தாண்டிய ஆசிரியைகள் பொம்மலாட்டப் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு குரலை மாற்றிப் பேசியதும், பாடலுக்குச் சேர்ந்து ஆடியதும் அந்தப் பயிற்சிகளில் நடந்தது. அந்தப் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தபோது, 'இதெல்லாம் பயிற்சியா' என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. எனக்கு அவர்களோடு உடன்பாடு இல்லை. பிள்ளைகள் முன்னால் ஆடிப் பாட வேண்டியவர், முதலில் தன் சகாக்கள் முன்னால் கூச்சத்தை விட வேண்டும். கூச்சம் விட்ட இடத்தில்தான், "எனக்கு இந்த நிலை பிரிக்கிற கணக்கே குழப்பமா இருக்கு சார்" என்று வாய்விட்டுச் சொல்ல முடியும். அதிகாரி முன்னால் சொல்லத் தயங்குவதைப் பக்கத்து பெஞ்சில் சொல்லலாம்.

பணியில் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு இந்தப் பயிற்சிகள் வேறு வகையிலும் உதவுகின்றன. தெற்கு மாவட்டங்களில் பிறந்து வளர்ந்து, கிருஷ்ணகிரிக்கோ திருவண்ணாமலைக்கோ பணி ஆணை வாங்கிப் போகிறவர்கள் நிறைய. ஊர் புதிது, பேச்சு வழக்கு புதிது, சில பள்ளிகளில் பிள்ளைகளின் வீட்டு மொழியே தெலுங்கோ கன்னடமோ. வீடு எங்கே கிடைக்கும், காலை ஏழரை பேருந்து எந்த நிறுத்தத்தில் நிற்கும், எந்த ஊரில் பெற்றோர் கூட்டத்தைச் சாயங்காலம் வைத்தால்தான் ஆள் வரும் என்பதையெல்லாம் அவர்கள் தெரிந்துகொள்வது பயிற்சிக்கு வரும் மூத்தவர்களிடம்தான். முதல் பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், பிற்பாடு கல்யாணத்துக்கு முன்வரிசையில் வந்து நிற்கும் அளவுக்கு நெருங்கிவிடுவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

ஹோஷங்காபாத்தில் நடந்தது

தோழமை தானாக நடக்கட்டும் என்று விடாமல், அதையே அடித்தளமாக வைத்து ஒரு பயிற்சி முறையை நம் நாட்டில் கட்டியிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் அது. கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய இரண்டு அமைப்புகள் ஆரம்பித்தன. கல்வியாளர் அனில் சத்கோபால் அதில் முக்கியமானவர். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் விடுமுறையில் வந்து சேர்ந்துகொண்டார்கள். 1978-இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. அதைத் தொடர்ந்து நடத்த 1982-இல் 'ஏகலவ்யா' அமைப்பு உருவானது.

கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் நடந்த அந்தப் பயிற்சிகளில் ஆசிரியர்கள் நான்கு நான்கு பேராகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் வகுப்பில் செய்ய வேண்டிய ஒவ்வொரு சோதனையையும் முதலில் அவர்களே செய்து பார்த்தார்கள். இலையைச் சேகரித்தார்கள், விதை முளைப்பதைக் கவனித்தார்கள், மின்சுற்றைக் கட்டினார்கள். நான்கு குழு செய்தால் நான்கு விடை வரும். எது சரி என்று பேராசிரியர் உடனே சொல்லிவிட மாட்டார். ஏன் வேறுபட்டது என்று ஆசிரியர்களே வாதாடுவார்கள். கிராமத்துப் பள்ளி ஆசிரியரும் பல்கலைக்கழக இயற்பியலாளரும் ஒரே மேசையில் ஒரே பல்பை எரியவைக்கப் போராடினார்கள். 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்வது அங்கே அவமானமாக இருக்கவில்லை.

இதைவிட முக்கியமான ஏற்பாடு ஒன்று இருந்தது. பயிற்சி முடிந்ததோடு அவர்களைக் கலைத்து அனுப்பிவிடவில்லை. அதே வட்டாரத்து ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடினார்கள். எந்தச் சோதனை வகுப்பில் எடுபட்டது, எது சொதப்பியது, பிள்ளைகள் கேட்ட எந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பதைப் பேசினார்கள். அந்தப் பேச்சு பாடப்புத்தகத்தை எழுதியவர்களிடம் போனது. 'பால் வைக்ஞானிக்' என்ற அந்தப் புத்தகம் ஆசிரியர்களின் அனுபவத்தைக் கேட்டுத் திருத்தி எழுதப்பட்டது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களில் பலர் அடுத்த ஆண்டுகளில் கருத்தாளர்களாக மாறி மற்றவர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். முப்பது ஆண்டுகள் நடந்த அந்தத் திட்டத்தை மாநில அரசு 2002-இல் நிறுத்தியது. ஆசிரியர்களைச் சிந்திக்கத் தெரிந்தவர்களாக மதித்த ஒரு முயற்சியை இப்படி நிறுத்தியது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

ஆசிரியர்களின் தோழமை என்ன செய்யும் என்பதற்கு நம் மாநிலத்திலும் சாட்சி இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது எத்தனையோ ஆசிரியர்கள் பள்ளி முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு இரவு மையங்களுக்குப் போனார்கள். புதுக்கோட்டை, விருதுநகர் பக்கம் அந்த நாட்களில் ஒன்றாகச் சுற்றியவர்கள், ஓய்வு பெற்ற பிறகும் ஒருவரை ஒருவர் 'அறிவொளி நண்பர்' என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். பிறகு 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார், மாநகராட்சி ஆசிரியர்களை ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே இருக்கும் ரிஷிவேலிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே பத்மநாப ராவும் ரமாவும் ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள் கற்கும் முறையை உருவாக்கியிருந்தார்கள். பார்த்துவிட்டுத் திரும்பிய ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து தங்கள் பிள்ளைகளுக்கான அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள், வரைந்தார்கள், வெட்டினார்கள். கற்றல் படிகளைக் காட்டும் ஏணிப்படி, சுவரின் அடிப்பாகத்தில் பிள்ளைகளின் கரும்பலகை, அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் என்று வகுப்பறையே உருமாறியது.

2007 வாக்கில் அதே முறை மாநிலம் முழுக்கப் போனது. அட்டைகள் அச்சாகி மூட்டையாக வந்து இறங்கின. சென்னையில் கூடி உட்கார்ந்து உழைத்தவர்களுக்கு இருந்த பிடிப்பு, மூட்டையைப் பிரித்தவர்கள் எல்லோருக்கும் வரவில்லை. அட்டை அதேதான். ஒன்றாக உட்கார்ந்து அதைச் செய்த நாட்கள் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

படிப்படியாக இறங்கும் பயிற்சி

இன்றைய பயிற்சிகளின் அடிப்படைச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டத்துக்கு, மாவட்டத்தார் வட்டாரத்துக்கு. லட்சக்கணக்கான ஆசிரியர்களைக் குறுகிய காலத்தில் எட்ட வேறு வழி இல்லை என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு படி இறங்கும்போதும் பேச்சு குறைந்து குறிப்பு மட்டும் மிஞ்சுகிறது. மேலே மூன்று நாள் விவாதித்தது கீழே ஒரு நாளில் திரையில் ஓடுகிறது. கேள்வி கேட்டால் கருத்தாளருக்கே சங்கடம். எழுதிக்கொடுத்ததைத் தாண்டிச் சொல்ல அவருக்கு அனுமதியும் இல்லை, அவகாசமும் இல்லை.

இணையவழிப் பயிற்சி இன்னும் ஒரு படி கீழே. 2019 ஆகஸ்டில் மத்திய அரசு சுமார் 42 லட்சம் ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய 'நிஷ்டா' பயிற்சி, பெருந்தொற்றால் 2020-இல் 'தீக்ஷா' தளத்துக்கு மாறியது. பாடங்களில் நல்லவை உண்டு, மறுக்கவில்லை. வீட்டில் செல்போனில் காணொளியை ஓடவிட்டு, கடைசியில் கேள்விக்குப் பதில் அழுத்திச் சான்றிதழ் இறக்கிக்கொண்டவர்கள் ஏராளம். அந்தப் பயிற்சியில் யாருக்காவது ஒரு நண்பர் கிடைத்தாரா? 35 எழுதிய நோட்டை எந்தத் திரைக்கு நீட்டுவது?

2020-இன் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு ஐம்பது மணி நேரத் தொழில் வளர்ச்சிப் பயிற்சி வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையில் நமக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கட்டும். மணிக்கணக்கை நிரப்புவதுதான் நோக்கம் என்றால் ஐம்பது மணி என்ன, ஐந்நூறு மணி கொடுத்தாலும் வகுப்பறையில் எதுவும் மாறாது. அதில் பத்து மணியாவது ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளின் நோட்டுகளை விரித்துவைத்துப் பேசினால் போதும், மாற்றம் தெரியும்.

ஜப்பானில் பல தலைமுறைகளாக 'ஜுக்யோ கென்க்யூ' என்ற வழக்கம் இருக்கிறது. நான்கைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். ஒருவர் வகுப்பில் நடத்துவார், மற்றவர்கள் சுற்றி நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். விமர்சனம் பாடத்தின் மேல்தான், நடத்தியவர் மேல் இல்லை. ஏனென்றால் பாடம் எல்லோருடையதும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. நம்மிடம் குறுவள மையங்கள் இருக்கின்றன. பத்துப் பதினைந்து பள்ளிகளின் ஆசிரியர்கள் அங்கே கூடும் வழக்கம் இருக்கிறது. ஒரு கூட்டத்தைத் திரை இல்லாமல், ஒரு பள்ளியின் உண்மையான வகுப்பில், உண்மையான பிள்ளைகளோடு நடத்திப் பார்க்கலாமே?

பெண் ஆசிரியர்கள் நிறைந்த தொழில் இது என்பதையும் மறக்கக் கூடாது. பயிற்சி நாளில் அதிகாலை நான்கரைக்கு எழுந்து, வீட்டுச் சமையல் முடித்து, இரண்டு பேருந்து மாறி வருகிறார்கள். பயிற்சி இடத்தில் ஒழுங்கான கழிவறை இல்லை என்றால் அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். மாலை ஐந்தரை தாண்டினால் கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலை. தோழமை வளர வேண்டும் என்றால் முதலில் நிம்மதியாக உட்கார ஓர் இடம் வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு நாள் முழுக்க அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

பள்ளிக் கல்வித் துறையில் பயிற்சிக்கான கால அட்டவணை தயாரிக்கும் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பருவப் பயிற்சியில் மதிய உணவுக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்துக்கு எந்தத் தலைப்பும் போடாதீர்கள். ஒவ்வோர் ஆசிரியரும் தன் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டு மூன்றைக் கொண்டு வரட்டும். எட்டு எட்டுப் பேராக உட்கார்ந்து பேசட்டும். அந்த எட்டுப் பேரையும் அடுத்த பயிற்சியிலும் ஒன்றாகவே உட்காரவையுங்கள். அதற்குப் படிவமும் வேண்டாம், புகைப்படமும் வேண்டாம். பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'டீச்சர் இன்னிக்குப் பயிற்சிக்குப் போயிருக்காங்க' என்று பிள்ளை வந்து சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் பள்ளி வாசலில் அவரைப் பார்க்கும்போது, அங்கே யாரைச் சந்தித்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள்.